ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டு எண்கள் பழக்கம். தெருமுனை மெக்கானிக் "ஐயாயிரத்துக்கு ஒருவாட்டி ஆயிலை மாத்திடுங்க சார், இன்ஜின் உங்களுக்கு உழைக்கும்" என்பார். காரோடு வந்த கையேடோ 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்கிறது. இன்று இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குக் கணக்கு இதுதான். ஒரே இன்ஜின், ஒரே ஆயில், விடையில் மட்டும் இரு மடங்கு வித்தியாசம். மெக்கானிக் சொல்வதில் அவர் பிழைப்பு இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள், கம்பெனி சொல்வதிலும் அதே சந்தேகத்தைப் பட வேண்டும். 'பராமரிப்புச் செலவு குறைவு' என்று விளம்பரம் செய்ய நீண்ட இடைவெளி கம்பெனிக்குத் தேவை. ஆகவே சொன்னவர் யார் என்பதை வைத்து இந்த வழக்கு தீராது. ஆயிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் தீரும். அப்படிப் பார்க்கும்போது, கிலோமீட்டர் என்ற அளவுகோலே இந்த வேலைக்குப் பொருத்தமானதல்ல என்பது தெரியவரும். ஓடோமீட்டரில் படிக்க எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு பெரிய தகுதி கிடையாது.

ஆயில் பழசாவது என்றால் தேய்ந்து போவது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணெயின் அடிப்படைத் திரவம் அவ்வளவு சுலபமாகத் தேய்வதில்லை. தீர்ந்துபோவது அதில் கலந்திருக்கும் வேதிப்பொருட்கள். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் மெல்லிய காப்புப் படலமாகப் படிவதற்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம் இருக்கிறது, சுருக்கமாக இசட்.டி.டி.பி. என்பார்கள். 1940களிலிருந்து இன்ஜின் ஆயிலில் இருப்பது அது. அமிலத்தை முறிக்கக் கால்சியம் அல்லது மக்னீசியம் கலந்த காரச் சேர்மங்கள் உண்டு. கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரித்து மிதக்கவிடும் பொருட்கள் உண்டு. குளிரில் இறுகாமலும் சூட்டில் நீர்த்துப்போகாமலும் பார்த்துக்கொள்ள நீளமான பாலிமர் சங்கிலிகள் உண்டு. கேனில் 5டபிள்யூ-30 என்று அச்சிட முடிவது பெரும்பாலும் இவற்றால்தான். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யச் செய்யக் குறைகிறது. காரம் அமிலத்தோடு சேர்ந்து செலவாகிறது. பாலிமர் சங்கிலி கேம்ஷாஃப்ட்டிலும் ஆயில் பம்ப்பிலும் நசுங்கி அறுபடுகிறது. ஆயிலை மாற்ற வேண்டிய நேரம் என்பது இந்தச் சரக்கு இருப்பு தீரப்போகும் நேரம்.

இருப்பைத் தீர்ப்பது எது? இன்ஜினில் எரியும் எரிபொருள்தான் முதல் காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஆனால் பிஸ்டன் ரிங் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அதன் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குக் கசிகிறது. அதோடு நீராவியும், எரியாத பெட்ரோலும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், கரியும் இறங்குகின்றன. ஆயில் நன்றாகச் சூடாகி இருந்தால் தண்ணீரும் பெட்ரோலின் லேசான பகுதியும் ஆவியாகி, அதற்கென்றே உள்ள வால்வு வழியாக மீண்டும் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் சில கார்களில் அதன் அடிப்பக்கத்தில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை படிந்திருக்கும். கொஞ்ச தூரமே ஓடி நிறுத்தப்படும் கார்களில் அது அநேகமாக ஆயிலும் தண்ணீரும் கடைந்து உண்டான கலவைதான். (கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.)

இப்போது இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஓடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ., மைலேஜ் லிட்டருக்கு 20. இன்னொன்று நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரி 20 கி.மீ., மைலேஜ் 12. இரண்டும் 10,000 கி.மீ. முடிக்கட்டும். முதல் காரின் இன்ஜின் சுமார் 167 மணி நேரம் ஓடி 500 லிட்டர் பெட்ரோலை எரித்திருக்கும். இரண்டாவது 500 மணி நேரம் ஓடி 830 லிட்டருக்கு மேல் எரித்திருக்கும். சுற்றுகளின் கணக்கில் பார்த்தாலும் இதே வித்தியாசம்தான். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் கிலோமீட்டருக்கு 1,900க்கும் குறைவு. நகரத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து சராசரி 1,500 சுற்று, 20 கி.மீ. வேகம் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 4,500. ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். சிக்னலில் ஏசி போட்டபடி நிற்கும் பத்து நிமிடமும் ஆயிலுக்கு வேலை நேரம், ஓடோமீட்டருக்கு ஓய்வு. இவை தோராயக் கணக்குகள்தான். ஆனாலும் கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதைக் காட்டப் போதுமானவை.

இதை வாகனக் கம்பெனிகள் அறியாமல் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மொலென்ஸ்கி என்ற இருவர், ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தைக் காரே கணக்கிட்டுச் சொல்லும் முறையை 1987இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆயிலுக்குள் கருவி எதையும் அவர்கள் வைக்கவில்லை. இன்ஜின் சுற்றுகளை எண்ணிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றும் எந்த வெப்பநிலையில் நடந்தது என்பதைப் பொறுத்து அதற்கு அபராதம் போட்டார்கள். மிதமான சூட்டில் சுற்றினால் அபராதம் இல்லை. சூடேறாத ஆயிலில் சுற்றினால் அபராதம். பாரம் இழுத்து மலை ஏறுவதுபோல் அளவுக்கு மீறிய சூட்டில் சுற்றினாலும் அபராதம். குளிர்ந்த நிலையில் தண்ணீரும் பெட்ரோலும் சேர்கின்றன. கொதிக்கும் நிலையில் ஆயிலே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. இந்த எளிய கணக்கு நடைமுறைக்குப் போதுமான அளவு சரியாக வந்தது. பின்னாளில் பல கம்பெனிகளின் கார்களில் டாஷ்போர்டில் 'ஆயில் லைஃப்' சதவீதமாக வந்து உட்கார்ந்தது இந்தச் சிந்தனைதான்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு நல்ல சான்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க் டாக்சிகள் 75-ஐ எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை நடத்தி 1996இல் வெளியிட்டது. இன்ஜின்களைப் புதுப்பித்து, சில டாக்சிகளுக்கு 3,000 மைலுக்கு (சுமார் 4,800 கி.மீ.) ஒருமுறையும், சிலவற்றுக்கு 6,000 மைலுக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றினார்கள். ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடியதும் இன்ஜினைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவுமில்லை. நியூயார்க் டாக்சியும் நெரிசலில் ஊர்வதுதான், நின்று நின்று போவதுதான். ஓடிய மணி நேரம்தான் எல்லாம் என்றால் 6,000 மைல் இன்ஜின்கள் அடிவாங்கி இருக்க வேண்டும். வாங்கவில்லை. காரணம், டாக்சி இன்ஜின் ஆறுவதே இல்லை. ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஓட்டுநர் ஏறுவார். ஆயில் எந்நேரமும் சரியான சூட்டில் இருக்கும். உள்ளே இறங்கிய தண்ணீரும் பெட்ரோலும் அவ்வப்போதே வெளியேறிவிடும். ஆகவே நெரிசல் மட்டுமே ஆயிலைக் கெடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு, அதில் எத்தனை மணி நேரம் ஆயில் முழுதாகச் சூடேறாமல் ஓடியது என்பதையும் கேட்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள டெம்ப்பரேச்சர் முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்கும் பின்னால்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயிலுக்கு இன்னும் பல நிமிடங்கள் தேவை.

ஆயிலை அதிகம் சோதிப்பது நாள் முழுக்க ஓடும் கால் டாக்சி என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தப் பெயரைப் பெற வேண்டியது, காலையில் குழந்தையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், மாலையில் கூட்டி வர இரண்டு கிலோமீட்டர், நடுவில் காய்கறிக் கடை வரை ஒரு நடை என்று ஓடி, வருடத்துக்கு நான்காயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடாத வீட்டுக் கார். 'நம்ம வண்டி ஓடவே இல்லையே, இப்போ எதுக்கு ஆயில்' என்று ஒத்திப்போடுவதும் இந்தக் கார்க்காரர்கள்தான். கையேட்டில் 'ஒரு வருடம்' என்ற வார்த்தை இவர்களுக்காகவே இருக்கிறது. காலம் தானாக ஆயிலைக் கெடுப்பதில்லை. சீல் உடைக்காத கேனில் அது பல வருடம் நன்றாகவே இருக்கும். இன்ஜினுக்குள் போன ஆயில் அப்படி அல்ல. அதில் ஈரமும் அமிலமும் கலந்து பேரிங்கின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக் கார்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. கையேடுகளில் குறுகிய ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு எச்சரிப்பது, மிச்சிகன் மாதிரி பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிர்காலத்தையும் மனதில் வைத்து. மார்கழிக் காலையிலும் சென்னையில் இன்ஜின் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் கிளம்புகிறது. சூடேற அவ்வளவு நேரம் ஆகாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு. நம் வெயிலையே காரணம் காட்டி 'இந்த ஊர் சூட்டுக்குச் சீக்கிரம் மாத்தணும்' என்பவர்களும் உண்டு. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்ற வேதியியல் விதி உண்மைதான். ஆனால் அந்தப் பத்து டிகிரி ஆயிலின் சூட்டில் கூட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்று 30-லிருந்து 40-க்குப் போனாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் இன்ஜினின் சூட்டை ஏறக்குறைய பழைய நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். ஆயிலின் சூடு அதே அளவுக்கு ஏறிவிடாது. வெயில் காலம் என்பதற்காக மட்டும் ஆயிலை முன்கூட்டியே இறக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கின் ஐயாயிரம் எங்கிருந்து வந்தது? அது வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரு காலத்தில் அது சரியான எண். அமெரிக்காவின் 3,000 மைல் வழக்கமும் நம் ஐயாயிரமும் கிட்டத்தட்ட ஒரே தூரம், ஒரே தலைமுறை இன்ஜின்களுக்கானவை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, முதல் தலைமுறை மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். காலையில் சோக் இழுத்துக் கிளப்பினால் தேவைக்கு மேல் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய், சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எரிபொருளில் கந்தகமும் அதிகம். பி.எஸ்.-2 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது, பி.எஸ்.-4இல் அது 50. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-6இல் வெறும் 10. கந்தகம் எரிந்தால் முடிவில் கந்தக அமிலம். ஆயிலில் உள்ள காரத்தை அதுதான் முதலில் தின்று தீர்த்தது. அன்றைய மினரல் ஆயிலும் இன்றைய சிந்தெடிக் ஆயிலின் பக்கத்தில் நிற்க முடியாது. எரிபொருள் மாறியது, இன்ஜின் மாறியது, ஆயில் மாறியது. எண் மட்டும் ஒர்க்‌ஷாப் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியா மாநில அரசு, 3,000 மைல் பழக்கத்தை விட்டுவிட்டு அவரவர் கார் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்று மக்களிடம் பிரசாரமே செய்தது.

"சீக்கிரம் மாற்றினால் என்ன நஷ்டம்? ஆயில் காசுதானே, இன்ஜின் காசு இல்லையே" என்று கேட்கலாம். வலுவான வாதம்தான், ஆனால் முழு உண்மை இல்லை. காப்புப் படலத்தை உண்டாக்கும் அந்தத் துத்தநாகச் சேர்மம் ஊற்றிய மறுகணமே படலமாகிவிடாது. சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்லப் படியும். ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சில ஆயிரம் மைல் ஓடிய ஆயில் வால்வு இயக்கப் பாகங்களில் புது ஆயிலைவிடக் குறைவான தேய்மானத்தையே தந்தது. ஓரளவு பழகிய ஆயில் கெட்ட ஆயில் ஆகாது. அடிக்கடி மாற்றுவதில் வேறு அபாயங்களும் உண்டு: ட்ரெயின் போல்ட்டின் மரை போவது, பழைய வாஷரையே திரும்பப் போட்டு ஒழுகவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 'கெட்டியா இருந்தா நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது. இறக்கிய ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். சாக்கடையில் ஊற்றுவதும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவதும் சட்டப்படி அதற்கான வழிகள் அல்ல. தேவையில்லாமல் இறக்கும் ஒவ்வொரு மூன்று லிட்டரும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் பலருடைய பழக்கம். ஆயில் கறுத்துவிட்டது என்றால், கரியை அது பிடித்து மிதக்க வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அதற்காகத்தான் ஊற்றினோம். டீசல் காரில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். காரம் எவ்வளவு மிச்சம், பெட்ரோல் எவ்வளவு கலந்திருக்கிறது, இரும்புத் துகள் எத்தனை பங்கு என்பதெல்லாம் ஆய்வகத்தில்தான் தெரியும். இந்திய ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்டுகளில் இதற்கென்றே ஆய்வகம் உண்டு. இன்ஜின் ஆயிலின் மாதிரியை எடுத்து நிறமாலைமானியில் சோதித்து, எந்த உலோகம் கூடுகிறது என்பதை வைத்து எந்தப் பாகம் தேய்கிறது என்றே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு லோகோவில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயில் இருக்கிறது. அங்கே இந்தச் சோதனை லாபம். மூன்று லிட்டர் பிடிக்கும் சின்னக் காருக்கு இந்தச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் நமக்குக் கையேடு தேவைப்படுகிறது.

அந்தக் கையேட்டை முழுதாகப் படிக்க வேண்டும் என்பதே என் கட்சி. பெரிய எழுத்தில் உள்ள அட்டவணைக்கு அடுத்து, 'கடினமான சூழலில் ஓடும் கார்களுக்கு' என்று இன்னொரு பகுதி பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். குறுகிய ஓட்டம், நீண்ட நேரம் நின்றபடி இன்ஜின் ஓடுவது, புழுதி, பாரம் இழுப்பது எல்லாம் அங்கே வரும். இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறையும். நெடுஞ்சாலையில் ஓடும் பெட்ரோல் காருக்கு, சரியான சிந்தெடிக் ஆயில் ஊற்றியிருந்தால், 10,000 கி.மீ. தாராளமாகப் போதும், ஐயாயிரத்தில் மாற்றுவது காசைக் கொட்டுவது. நாள் முழுக்கச் சூட்டில் ஓடும் டாக்சிக்கும் கம்பெனி சொன்ன தூரம் போதும், அதைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. மூன்று நான்கு கிலோமீட்டரிலேயே தினமும் நின்றுவிடும் வீட்டுக் காருக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; அல்லது வாரம் ஒருநாளாவது அரைமணி நேரம் ஊருக்கு வெளியே ஓட்டி ஆயிலை நன்றாகச் சூடேறவிடுங்கள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும். டர்போ இன்ஜின்காரர்கள் தள்ளிப்போடும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். டர்போவின் பேரிங்கில் ஆயில் படும் சூடு மற்ற இன்ஜின்களில் இல்லாதது. பி.எஸ்.-6 டீசல் கார்களில் ஒரு தனிச் சிக்கல்: கரி வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கும். நகர ஓட்டத்தில் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுபோனால், டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே வரும். ஆயில் கூடுவதைக் கண்டு சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அது நீர்த்துக்கொண்டிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் எதுவானாலும் கம்பெனி சொன்ன வரம்பைத் தாண்டாதீர்கள். வேதியியல் உங்கள் பக்கம் இருந்தாலும் ரசீது கேட்பார்கள்.

எப்போது மாற்றுவது என்று இவ்வளவு யோசிக்கிறவர்கள், இருக்கும் ஆயில் எவ்வளவு என்று பார்ப்பதில் காட்டும் அலட்சியம் ஆச்சரியமானது. பழைய ஆயில் இன்ஜினை வருடக்கணக்கில் மெல்லக் கெடுக்கும்; குறைந்துபோன ஆயில் ஒரே பயணத்தில் முடித்துவிடும். மாதம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். மொத்தமே மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் ஆயில் கேன் விளக்கு, ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று நினைவூட்டுவதற்காக வைத்தது அல்ல. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்வது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாமல், ஓரமாக நிறுத்தி அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.